டபிள்யூ5100 ஈதர்நெட் ஷீல்டு: குப்பையில் போடும் முன் பார்க்க வேண்டியவை

ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கணினிப் பலகையின் தலையில் செருகி நெட்வொர்க் கேபிளை மாட்டிக்கொள்ளும் இந்த ஈதர்நெட் ஷீல்டுக்கு, விற்கும் இடங்களில் போடப்பட்டிருக்கும் மதிப்புரைகளைப் பாருங்கள். "செருகினேன், ஓடுது" என்று ஐந்து நட்சத்திரம். "செத்த போர்டை அனுப்பிட்டாங்க" என்று ஒரு நட்சத்திரம். நடுவில் ஆளே இல்லை. வாங்கி, பிரித்து மேய்ந்து, என் அக்காவின் காளான் கொட்டகையில் ஒரு கோடை, ஒரு மழைக்காலம் ஓடவிட்ட பிறகு சொல்கிறேன்: இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்களில் பாதிப் பேருடைய போர்டுக்காவது உயிர் இருக்கும் என்பது என் கணிப்பு. அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். சால்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் தினமும் கையில் இருப்பவை. ஆர்டுயினோ என்பது கடை சாத்திய பிறகான ஆசை. அக்கா சிப்பிக் காளான் போடுகிறார். கொட்டகைக்குள் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மொட்டு காய்ந்துவிடும், வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் விளைச்சல் படுத்துவிடும். அந்த இரண்டு எண்ணும் வீட்டில் இருந்தபடியே அவருடைய போனில் தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை.

வைஃபை போர்டு வாங்கினால் இதைவிட மலிவாக முடியுமே என்று கேட்பீர்கள். முடியும், கொட்டகை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால். எங்களுக்கு நடுவில் ஒரு தோட்டமே இருக்கிறது. அதைத் தாண்டி வரும் அலையும் தென்னங்கீற்று, நனைந்த சாக்கு, நீர்த்துளி படிந்த பாலிதீன் தாள் எல்லாவற்றையும் துளைத்துப் போக வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். காளான் கொட்டகையோ முழுக்க முழுக்க தண்ணீர். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை போகும், ஈரத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அதனால் கேபிள்தான் என்று முடிவு செய்தேன்.

போர்டைப் பற்றி முதலில். இதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் டபிள்யூ5100 சிப் தென்கொரியாவின் விஸ்நெட் நிறுவனத்தினுடையது. இதன் சிறப்பு என்னவென்றால், டி.சி.பி./ஐ.பி. எனப்படும் நெட்வொர்க் பேச்சு விதிகளின் வேலை முழுவதையும் சிப்பே செய்துவிடும். ஊனோவில் இருக்கும் ரேம் மொத்தமே 2 கிலோபைட். இந்தச் சிப்போ தனக்குள் 16 கிலோபைட் வைத்திருக்கிறது, ஒரே நேரத்தில் நான்கு இணைப்புகளைத் தாங்கும். இதைவிட விலை குறைந்த இ.என்.சி.28ஜே60 போர்டும் சந்தையில் உண்டு. அதில் இந்த வசதி இல்லை. நெறிமுறை வேலை எல்லாம் ஊனோவின் தலையில்தான் விழும், வேகமும் 10 மெகாபிட் மட்டும்தான். சென்சார், திரை என்று நாலு சங்கதி சேர்ந்ததும் ரேம் தீர்ந்து போகும். மிச்சமாகும் காசுக்கு அது ஈடில்லை.

இத்தாலிய ஆர்டுயினோவின் அசல் ஷீல்டும் இதே சிப்பை வைத்துத்தான் வந்தது. நான் வாங்கியது அசல் இல்லை, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் நகல். யார் செய்தது என்று போர்டில் பெயரும் இல்லை. நம் ஊரில் பொழுதுபோக்குக்காக வாங்குபவர்களில் பெரும்பாலோர் கைக்கு வருவது இதுதான், ஆகவே இந்த மதிப்புரையும் அதைப் பற்றியதுதான்.

சரி, வேலை செய்யவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது? இதில் நடப்பது இரண்டு பேச்சுவார்த்தைகள். ஆர்டுயினோ சிப்போடு எஸ்.பி.ஐ. என்ற கம்பித் தடம் வழியாகப் பேசுகிறது, சிப் சுவிட்சோடு கேபிள் வழியாகப் பேசுகிறது. எந்தப் பேச்சு அறுந்திருக்கிறது என்று தெரியாமல் புரோகிராமை மாற்றிக்கொண்டே இருந்தால் விடிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு, நேரத்தைப் பார்ப்பது. ஷீல்டோடு பேச ஆர்டுயினோ தரும் ஆயத்த நிரலான ஈதர்நெட் லைப்ரரியின் 2.0 பதிப்போ அதற்குப் பிந்தியதோ போட்டுக்கொள்ளுங்கள். ஐ.பி. முகவரியை ரூட்டரிடமே கேட்டு வாங்கும் முறையில், இணைப்பைத் தொடங்கும் பிகின் கட்டளையைக் கொடுத்துவிட்டு, போர்டு சொல்வதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரைப் பாருங்கள். ஒரு நொடிகூட ஆகாமல் "முடியவில்லை" என்று திரும்பி வந்தால், லைப்ரரிக்குச் சிப்பே கண்ணில் படவில்லை என்று பொருள். ஏறக்குறைய ஒரு நிமிடம் காத்திருந்து பிறகு "முடியவில்லை" என்றால் சிப் நலம். ரூட்டரிடம் இருந்துதான் பதில் வரவில்லை. முகவரி கேட்டுக் காத்திருக்கும் நேரம் லைப்ரரியில் 60 நொடி என்று வைக்கப்பட்டிருக்கிறது, அதனால்தான் இந்த வித்தியாசம். ஹார்டுவேர்ஸ்டேட்டஸ் என்ற கட்டளையும் இதையே சொல்லும். பழைய லைப்ரரி என்றால் முகவரி 0.0.0.0 என்றோ 255.255.255.255 என்றோ வந்து நிற்கும், பெரும்பாலும் முதல் பேச்சே அறுந்திருப்பதற்கான அடையாளம்.

என் போர்டில் முதலில் வந்தது இந்த உடனடித் தோல்விதான். யு.எஸ்.பி. கேபிளைச் செருகினால் சிப் இல்லை என்கிறது. ஷீல்டில் இருக்கும் ரீசெட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் உடனே உயிர் வந்து, அதற்குப் பிறகு நாள் கணக்கில் ஓடுகிறது. கரண்டை எடுத்துவிட்டு மறுபடி கொடுத்தால் பழைய கதை. மேசை மேல் வைத்து விளையாடும் வரை இது பெரிய குறையே இல்லை, ஒரு தடவை அழுத்தினால் தீர்ந்தது. கொட்டகையில் அப்படி இல்லை. எங்கள் ஊரில் கோடையில் கரண்டு போய்ப் போய் வரும். ஒருமுறை ராத்திரி அக்கா போன் செய்தார்: "கரண்டு வந்து அரை மணி நேரமாச்சு கண்ணு, உன்ற பொட்டி இன்னும் பேச மாட்டேங்குது." டார்ச் எடுத்துக்கொண்டு தோட்டத்தைத் தாண்டிப் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றால், அந்தக் கருவி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

காரணம் இதுதான். கரண்டு வந்த கணத்தில் ஷீல்டின் 3.3 வோல்ட்டு நிலைபெறும் வரை டபிள்யூ5100-இன் ரீசெட் காலைத் தாழ்த்திப் பிடித்திருக்க வேண்டும், அப்புறம்தான் விட வேண்டும். ஊனோவின் ரீசெட் கம்பியோ 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு சேர்ந்தே ஏறிவிடுகிறது. ஷீல்டு விழிப்பதற்குள் "எழுந்துவிட்டாய்" என்று சொல்லிவிடுகிறது. சிப் அரைகுறையாக எழுந்து, யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்கிறது. அசல் ஷீல்டின் முந்தைய பதிப்புகளிலேயே இந்தக் குறை இருந்ததை ஆர்டுயினோவின் ஆவணமே எழுதியிருக்கிறது: மின்சாரம் கொடுத்ததும் கையால் ரீசெட் செய்ய வேண்டியிருந்தது, பிறகு வந்த பதிப்பில் இதற்கென்றே ஒரு ரீசெட் கண்காணிப்புச் சிப் சேர்த்தார்கள். நாலு கால் கொண்ட எள்ளளவு சிப் அது. என் நகல் போர்டில் அது இல்லை.

அந்தச் சிப் இருக்கும் போர்டுகளுக்காகவே லைப்ரரியிலும் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சிப்பைத் தேடும் முன் 560 மில்லி விநாடி சும்மா நிற்கும். ரீசெட் கண்காணிப்புச் சிப் அதிகபட்சமாக எடுத்துக்கொள்ளும் நேரம் அது என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட லைப்ரரியை, சில்லறைச் செலவில் முடியும் ஒரு பாகத்தை மிச்சம் பிடித்து வீணாக்கியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

தீர்வு சுலபம். ரீசெட் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. பாசிட்டிவ் முனை ரீசெட் பக்கம். ஊனோவில் ஏற்கனவே இருக்கும் 10 கிலோ ஓமோடு சேர்ந்து இது பத்தில் ஒரு நொடி அளவுக்கு ரீசெட்டைத் தாமதப்படுத்தும், சிப் ஒழுங்காக எழ அது போதும். ஒரே ஒரு தொந்தரவு: கணினியில் இருந்து புரோகிராம் ஏற்றும்போது ஊனோ தானாக ரீசெட் ஆக வேண்டும், இந்தக் கெப்பாசிட்டர் அதைத் தடுத்துவிடும். அதனால் நடுவில் ஒரு ஜம்பர் வைத்திருக்கிறேன். ஏற்றும்போது கழற்றுவேன், கொட்டகைக்குக் கொண்டுபோகும் முன் மாட்டிவிடுவேன்.

இதே நோய் போலவே தெரியும் இன்னொன்றும் உண்டு. கரண்டு திரும்பியதும் ஆர்டுயினோ இரண்டு நொடியில் தயார். வீட்டு ரூட்டர் எழுந்து உட்கார ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஷீல்டு கேட்கும்போது முகவரி கொடுக்க ஆள் இல்லை, 60 நொடியில் கைவிட்டுவிடும், அத்தோடு நின்றுபோகும். நிலையான முகவரி கொடுத்துவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ரூட்டர் வழங்கும் எல்லைக்கு வெளியே ஒரு முகவரியாகப் பார்த்துக் கொடுங்கள்.

அடுத்தது இந்த நகல் போர்டுகளின் பெரிய குறை. பலரை "செத்த போர்டு" என்று எழுத வைப்பதும் இதுவாகத்தான் இருக்கும். சிப் இருக்கிறது என்கிறது லைப்ரரி. லேப்டாப்பில் நேராகக் கேபிளைச் செருகினால் அழகாக ஓடுகிறது. கடையில் இருக்கும் பழைய 100 மெகாபிட் சுவிட்சில் மாட்டினாலும் ஓடுகிறது. வீட்டு ரூட்டரில் மாட்டினால் லிங்க் விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது, அல்லது எரிகிறது ஆனால் பத்துக்கு எட்டுத் தகவல் பொட்டலம் காணாமல் போகிறது. புரோகிராம் ஒன்றுதான், கேபிள் ஒன்றுதான். எந்தப் பெட்டியில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து நடத்தை மாறினால், சந்தேகம் மின்சாரச் சமிக்ஞையின் மேல்தான் விழ வேண்டும்.

லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கேபிள் செருகும் ஆர்.ஜே.45 சாக்கெட்டுக்குப் பின்னால், சிப்புக்கும் அதற்கும் நடுவில், எட்டுக் கால் கொண்ட சின்ன ரெசிஸ்டர் பட்டை ஒன்று இருக்கும். கறுப்பு முதுகில் மூன்று எண்கள். அங்கே 510 என்றோ 49ஆர்9 என்றோ இருந்தால் நல்ல போர்டு. என்னுடையதில் இருந்தது 511.

எண்ணில் ஒன்றுதான் கூடுதல் என்று நினைக்க வேண்டாம். கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 510 என்றால் 51, பூஜ்யம் ஏதுமில்லை, ஆகவே 51 ஓம். 511 என்றால் 51-க்குப் பின் ஒரு பூஜ்யம், 510 ஓம். ஈதர்நெட் கேபிளின் ஒவ்வொரு ஜோடியும் 100 ஓம் மின்மறுப்பு உள்ளது. அதற்கு ஈடாக முனையில் இரண்டு 49.9 ஓம் ரெசிஸ்டர்கள் சேர்ந்து 100 ஓம் கொடுக்க வேண்டும். இங்கே அது 1,020 ஓம் ஆகிவிட்டது. கேபிளில் வந்த சமிக்ஞை முனையில் அடங்காமல், சுவரில் மோதிய பந்து போலத் திரும்பி வருகிறது. சில சுவிட்சுகள் அந்தக் குழப்பத்தையும் பொறுத்துக்கொண்டு படித்துவிடும். சில படிக்காது. ஐந்து நட்சத்திரக்காரர் வீட்டில் இருந்தது பொறுமையான சுவிட்சு, ஒரு நட்சத்திரக்காரர் வீட்டில் கண்டிப்பானது.

மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிடலாம் என்று கை போகும். எனக்கும் முதல் ஆசை அதுதான், தொழில் பழக்கம். ஆனால் பலகையில் இருக்கும்போது அளந்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டும். சாக்கெட்டுக்குள்ளேயே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. மீட்டரின் நேர்மின்சாரம் ரெசிஸ்டரை விட்டுவிட்டு அந்தச் சுற்றுக் கம்பி வழியாக ஓடிவிடும். சுற்றுக் கம்பியோடு தினமும் குடும்பம் நடத்துகிறவனுக்கு இது புரியாமல் போகுமா. ஆகவே மீட்டரை நம்பாதீர்கள், முதுகில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இதைச் சரிசெய்ய அந்தப் பட்டையைப் பிடுங்க வேண்டியதில்லை. போர்டைக் கவிழ்த்து, சாக்கெட்டின் ஈயப் புள்ளிகளில் 1-க்கும் 2-க்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், 3-க்கும் 6-க்கும் குறுக்கே ஒன்று, இரண்டையும் பற்ற வைத்தால் போதும். 1,020 ஓமுக்கு இணையாக 110 ஓம் போட்டால் சேர்ந்து 99 ஓம் வரும். 100 ஓம் போட்டால் 91 வரும். கடையில் கால் வாட் 100 ஓம் இருந்தது, அதையே போட்டேன், லிங்க் விளக்கு அசையாமல் நின்றது. பொட்டல இழப்பும் ஓய்ந்தது. புள்ளிகள் இரண்டு வரிசையில் மாறி மாறி இருக்கும், எண்ணும்போது அவசரப்படாதீர்கள். கால்களைக் குட்டையாக வெட்டி, மேலே வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.

ஸ்லீவ் ஏன் என்றால், ஊனோவின் யு.எஸ்.பி. சாக்கெட்டின் உலோகக் கூடு சரியாக இந்த ஆர்.ஜே.45-க்கு அடியில் வருகிறது. ஷீல்டை அழுத்திச் செருகினால் ஈயப் புள்ளிகள் அந்த உலோகத்தில் இடித்து ஷார்ட் ஆகும். நீங்கள் எதையும் பற்ற வைக்காவிட்டாலும்கூட இது நடக்கும், புது போர்டிலேயே. யு.எஸ்.பி. கூட்டின் மேல் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டுச் செருகுங்கள். விற்கிறவர்கள் ஒரு சின்ன அட்டைத் துண்டாவது உடன் வைத்துக் கொடுக்கலாம்.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஷீல்டின் மேல் விழும் பழியில் பாதி கேபிளைச் சேர வேண்டியது. தோட்டத்துக்குக் குறுக்கே போன கேபிளுக்கு முனை போட்டுத் தந்தவர், எட்டுக் கம்பியையும் ஜோடி ஜோடியாக வரிசையாக வைத்து, இரண்டு முனையிலும் அதே வரிசையில் அடித்திருந்தார். டெஸ்டரில் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு ஒழுங்காக எரியும், குறை சொல்ல முடியாது. ஆனால் 100 மெகாபிட் ஈதர்நெட் பயன்படுத்துவது 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளைத்தான். 3-ஆம் 6-ஆம் ஒரே முறுக்கில் வர வேண்டும். அவர் அடித்த வரிசையில் அவை வெவ்வேறு ஜோடியில் போய் விழுந்தன. இரண்டு மீட்டர் கேபிளில் இது தெரியவே தெரியாது, நீளம் கூடக் கூடத்தான் வம்பு. வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்று மாற்றி அடித்தபின் சரியானது. அந்த மனிதர் மேல் தப்பில்லை, கேமரா வேலைக்கு அப்படியே அடித்துப் பழகியவர்.

மின்சாரத்துக்கு வருவோம். டபிள்யூ5100 சூடாகும் சிப். விரல் வைத்தால் எடுக்கத் தோன்றும், அது இயல்பு, பயப்பட வேண்டாம். அது 150 மில்லி ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். ஊனோவையும் சேர்த்து 200 என்று வையுங்கள். பலர் கையில் கிடக்கும் 12 வோல்ட்டு அடாப்டரை ஊனோவின் வட்டச் சாக்கெட்டில் செருகுகிறார்கள். 12-ஐ 5 ஆக்கும் ரெகுலேட்டர் மீதி 7 வோல்ட்டைச் சூடாகத்தான் கக்க வேண்டும்: 7 பெருக்கல் 0.2, அதாவது 1.4 வாட். மூடிய பெட்டிக்குள், ஏப்ரல் மாதத்தில், அந்தக் குட்டி ரெகுலேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்று நின்று ஓடும். ஆளுக்கு அது நெட்வொர்க் கோளாறாகத் தெரியும். நல்ல போன் சார்ஜர் ஒன்றை யு.எஸ்.பி. வழியாகக் கொடுங்கள், பிரச்சனை இல்லை. போர்டை நான் கொட்டகைக்கு வெளியே திண்ணையில் மூடிய பெட்டியில் வைத்து, சென்சாரை மட்டும் உள்ளே அனுப்பியிருக்கிறேன். உள்ளே வைத்தால் எந்த போர்டும் ஒரு பருவம் தாங்காது.

ஷீல்டில் மெமரி கார்டுக்கும் ஒரு இடம் உண்டு. நான் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தாவிட்டாலும் ஒன்று செய்ய வேண்டும்: கார்டும் ஈதர்நெட்டும் ஒரே எஸ்.பி.ஐ. பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன, ஈதர்நெட்டுக்கு 10-ஆம் பின், கார்டுக்கு 4-ஆம் பின். கார்டு செருகியிருந்தால் 4-ஐ அவுட்புட் ஆக்கி உயர்த்தி வையுங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். சென்சாரையும் 4, 10, 11, 12, 13 ஆகிய பின்களில் மாட்டாதீர்கள். ஊனோவுக்குப் பதில் ஆர்டுயினோ மெகா போர்டு வைத்திருப்பவர்கள் 53-ஆம் பின்னை அவுட்புட்டாக விட்டுவிட வேண்டும்.

இவ்வளவும் சரியானபின் வந்தது மென்பொருள் பக்கத்து வம்பு. கொட்டகை எண்களைக் காட்டும் பக்கம் அக்கா போனில் காலையில் திறக்கும், மத்தியானம் திறக்காது. பிங், அதாவது 'இருக்கிறாயா' என்ற நெட்வொர்க் கேள்வி, கொடுத்துப் பார்த்தால் பதில் வருகிறது. அப்படியென்றால் ஆர்டுயினோ உயிரோடு இருக்கிறது என்று யாரும் நினைப்பார்கள். இங்கேதான் டபிள்யூ5100 ஆளை ஏமாற்றும். பிங்குக்குப் பதில் சொல்வது சிப்பேதான். உங்கள் புரோகிராம் உறைந்து கிடந்தாலும் அது பாட்டுக்குச் சொல்லும். ஆகவே பிங் வந்து பக்கம் வராவிட்டால், கேபிளையும் போர்டையும் விட்டுவிட்டுப் புரோகிராமைத் திறங்கள். பிங்கும் வராவிட்டால் மேலே சொன்ன ரெசிஸ்டர், கேபிள், ரீசெட். இந்த ஒரு சோதனை பெரிய அலைச்சலை மிச்சம் பிடிக்கும்.

என் புரோகிராம் லைப்ரரியோடு வரும் வெப்சர்வர் உதாரணத்தைத் தழுவியது. அதில் ஒரு சுற்று, இணைப்பு இருக்கும் வரை கேள்விக்காகக் காத்திருக்கும். போனில் இருக்கும் குரோம் போன்ற பிரவுசர்கள் பக்கத்தைச் சீக்கிரம் காட்டுவதற்காக, முன்கூட்டியே ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் இருக்கும். ஆர்டுயினோ அந்த ஊமை இணைப்புக்கு முன்னால் கைகட்டி நிற்கும், வேறு யாரையும் கவனிக்காது. இருப்பதே நான்கு இணைப்பு, அவையும் நிரம்பிவிடும். அந்தச் சுற்றுக்குள் ஒரு நேர எல்லை வைத்தேன்: இரண்டு நொடிக்குள் ஒன்றும் கேட்காவிட்டால் இணைப்பை மூடிவிட வேண்டும். ஸ்டாப் கட்டளை ஒவ்வொரு பாதையிலும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு, பக்கத்தின் நிலையான எழுத்துகளை எல்லாம் எஃப் மேக்ரோவுக்குள் போட்டு ஃபிளாஷ் நினைவகத்துக்கு அனுப்பினேன். 2 கிலோபைட் ரேமில் அலங்கார வாசகத்துக்கு இடமில்லை.

மதிப்பெண் என்று கேட்டால், பெட்டியில் இருந்து எடுத்தபடி ஐந்துக்கு இரண்டு. இரண்டு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தபின் நான்கு. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாதவர்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் இந்த நகலைத் தொட வேண்டாம். குழந்தை "எனக்கு வரல" என்று ஆர்டுயினோவையே விட்டுவிடும், அது எனக்குப் பொறுக்காது. அவர்கள் டபிள்யூ5500 சிப் உள்ள ஷீல்டைத் தேடுங்கள். அதில் எட்டு இணைப்பு, 32 கிலோபைட், கேபிள் மாட்டியிருக்கிறதா என்று லைப்ரரி மூலமாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். டபிள்யூ5100-இல் அந்தக் கேள்விக்குத் "தெரியாது" என்பதுதான் பதில். ஷீல்டு வடிவில் இல்லாத குட்டி டபிள்யூ5500 மாடியூல்களும் வருகின்றன, விலை குறைவு. ஆனால் அவற்றை ஊனோவின் 3.3 வோல்ட்டு பின்னில் மாட்டி ஏமாறாதீர்கள். அந்தப் பின்னுக்கு 50 மில்லி ஆம்பியர்தான் கணக்கு, சிப் கேட்பது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். தனி ரெகுலேட்டர் வைக்க வேண்டும்.

அக்கா இரண்டாவது கொட்டகை போடுகிறார். அதற்கும் டபிள்யூ5100 நகலே போதும் என்று முடிவு செய்தேன், ஆனால் இந்தமுறை விற்பவரிடம் பணம் கட்டும் முன் இரண்டு இடத்தின் கிட்டப் படம் கேட்டேன்: சாக்கெட்டின் பின்னால் உள்ள ரெசிஸ்டர் பட்டை, ரீசெட் பொத்தானின் சுற்றுப்புறம். எதற்கு என்று கேட்காமல் எடுத்து அனுப்பினார். பட்டையில் 510 என்று தெளிவாகத் தெரிந்தது. ரீசெட் சிப் இதிலும் இல்லை. வாங்கிவிட்டேன். 10 மைக்ரோஃபாரட் கடையில் டப்பா நிறையக் கிடக்கிறது. புரோகிராமில் மேக் முகவரியின் (நெட்வொர்க்கில் போர்டின் அடையாள எண்) கடைசி எண்ணையும் நிலையான ஐ.பி. முகவரியையும் மாற்ற வேண்டும், ஒரே முகவரியோடு இரண்டு போர்டு ஒரே ரூட்டரில் இருந்தால் இரண்டுமே ஒழுங்காக ஓடாது.